கவிழாத குப்பிகள்

எனக்குக் காத்திருக்க வராது. படகுத்துறையில் நின்றால் படகு வரும் பக்கம் நாலடி முன்னே போய் நிற்பேன், அதனால் படகு சீக்கிரம் வந்துவிடப் போவதுபோல. உலையில் அரிசி போட்டால் மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிடாமல் செய்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும், உண்மைதான். இந்தக் குணத்தால் எனக்கு வந்த கஷ்டங்களை எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இன்னொருவருக்கு வந்ததை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். இந்து மகாசமுத்திரத்தை அளந்து பார்க்கப் பல தேசத்துக் கப்பல்கள் கொச்சிக்கு வந்துபோன காலம் அது. எங்கள் கடலாராய்ச்சி ஆபீசுக்கும் ஒரு சின்னக் கப்பல் இருந்தது. நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். அங்கே தற்காலிகக் கருவி உதவியாளன். கடலில் இறக்குகிற கருவிகளைப் பழுது பார்த்துக் கப்பலேற்றுவது என் வேலை. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன். காலையில் படகேறி வெலிங்டன் தீவுக்குப் போய், மாலையில் அதே படகில் திரும்பி வருவேன். உத்தியோகம் எப்போது நிரந்தரமாகும் என்று அப்பா கேட்பார். அவர் கேட்காத நாட்களில் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

கருவிகளில் முக்கியமானது கவிழும் குப்பி. முழங்கை நீளத்துக்குப் பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் மூடி, பக்கத்தில் வெப்பமானி. இப்படிப் பன்னிரண்டு குப்பிகளை ஒரே கம்பியில் இடைவெளிவிட்டுக் கட்டி, மூடிகள் திறந்த நிலையில் கடலுக்குள் இறக்க வேண்டும். கடைசிக் குப்பி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நிற்கும். பிறகு மேலேயிருந்து கம்பி வழியாக ஒரு பித்தளைக் கட்டியை நழுவவிடுவோம். அது போய் முதல் குப்பியின் தலையைத் தட்டும். உள்ளே குப்பியைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ஒரு முள் விலகும். குப்பி தலைகுப்புறக் கவிழ்ந்து, மூடிகள் சாத்திக்கொண்டு, அந்த ஆழத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவிழும்போது தனக்கடியில் தொங்குகிற இன்னொரு கட்டியை விடுவிக்கும். அது போய் அடுத்த குப்பியைத் தட்டும். ஒன்று கவிழாவிட்டால் அதற்குக் கீழே இருப்பவை எதுவும் கவிழாது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டிக்குத் தூதன் என்று அர்த்தம் வரும் பெயர். எங்கள் மேஸ்திரி அதற்குத் தபால்காரன் என்று பெயர் வைத்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜார் ரோட்டுக்குப் பின்னால், மிளகுக் கிடங்குக்கும் சுக்குக் கிடங்குக்கும் நடுவில் இருந்த ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுபவர். நாற்பது வயதைத் தாண்டியவர், ராவுத்தர். தாய்வழி பாலக்காடு என்பதால் என்னோடு தமிழ்தான் பேசுவார், பாதி மலையாளம் கலந்த தமிழ். என்னைச் சாமி என்பார். அந்த ஊரில் எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்கள் எல்லாருமே சாமிதான். படகு எஞ்சின், எண்ணெய் ஆலை ஷாப்ட் என்று எதையாவது கடைந்துகொண்டே இருப்பார். ஒரு சாமானைக் கடைந்து முடித்தால் மூன்று தடவை அளப்பார், மூன்றையும் சாக்குக்கட்டியால் லேத்தின் உடம்பிலேயே எழுதுவார். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார். அவர் லேத்து ஓட்டாத நேரம் முதலாளியின் மருமகன் அதே லேத்தைப் பாழாக்கி வைப்பான். இவர் மறுநாள் காலை பாதி நேரம் அதைச் சரி செய்வார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. "ஒரு லேத்து. ஒரு ரூம். சாவி என் கையில. வேற ஒருத்தன் தொடக் கூடாது." இதை அவர் சாயா குடிக்கும்போதெல்லாம் சொல்வார்.

எங்கள் ஆபீசுக்கு வந்த குப்பிகள் வேறொரு தேசத்தார் உபயோகித்துக் கழித்தவை. உள்ளே இருந்த முள்ளெல்லாம் தேய்ந்து, ஸ்பிரிங்கெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. புதிதாக வரவழைக்க மாதக்கணக்காகும். எங்கள் தலைவர் வடக்கேயிருந்து வந்தவர். டாக்டர் என்று கூப்பிடுவோம், மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். அவர் பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்றார். நான்தான், மட்டாஞ்சேரியில் செய்யலாம் சார், ஒரு மேஸ்திரி இருக்கிறார் என்று வாயைக் கொடுத்தேன். அவர் அரைமனதாகச் சரி என்றார். ஆபீசுக்கென்று சொந்தமாக ஒரு பட்டறை வரப்போகிறது, இந்தப் பயணத்தில் குப்பிகள் ஒழுங்காக வேலை செய்தால் அந்த லேத்துக்கு உன் மேஸ்திரியையே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் படகை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு ஓடினேன். மேஸ்திரி முழுவதும் கேட்டார். லேத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார், திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

இரண்டு மாதம் உழைத்தார். முள் பன்னிரண்டு, மாற்றுக்கு இன்னும் பன்னிரண்டு, ஸ்பிரிங், தபால்காரன்கள் எல்லாம் அவர் கை. ஒவ்வொரு முள்ளையும் உட்காரவைத்து, தையல் மிஷின் எண்ணெயைக் கம்பி நுனியில் தொட்டு ஒரே ஒரு சொட்டு விட்டார். பட்டறை உத்தரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தோம், கவிழ்ந்தன. படகுத்துறையிலிருந்து உப்பங்கழிக் காயலுக்குள் இறக்கிப் பார்த்தோம், அங்கேயும் கவிழ்ந்தன. சாமி, இனிமே இதைத் தொட வேண்டா என்றார் மேஸ்திரி.

தொடாமல் இருந்திருக்கலாம். கப்பல் கிளம்ப ஒரு வாரம் தாமதமாயிற்று. மழை விட்டும் விடாத காலம். பட்டறைக்குள் உப்புக் காற்று. பித்தளையில் அங்கங்கே பச்சை பூத்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினம் போய் ஒவ்வொரு குப்பியாகத் திருப்பிப் பார்ப்பேன். கொச்சியில் பித்தளையோ இரும்போ எது செய்தாலும் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது வழக்கம். கத்தி, பூட்டு, கதவுக் கீல், படகுச் சாமான் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மேஸ்திரி தொழுகைக்குப் போயிருந்த நேரம், வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, பன்னிரண்டு குப்பிக்கும் முள், ஸ்பிரிங், கீல் எல்லாம் குளிரக் குளிர விட்டேன். துடைத்துப் பார்த்தால் பொன் மாதிரி மின்னியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மேஸ்திரி வருவதற்குள் பெட்டியில் அடுக்கி மூடியும் விட்டேன்.

கப்பலில் நானும் போனேன். முதல் நிலையத்தில், அதாவது தண்ணீர் எடுக்கக் கடலில் குறித்துவைத்த முதல் இடத்தில், கப்பலை நிறுத்தி, கம்பியை இறக்கி, தபால்காரனை அனுப்பினோம். கம்பியில் விரலை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு குப்பி கவிழும்போதும் ஒரு சின்னத் தட்டுக் கேட்கும், காதுக்கில்லை, விரலுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணினேன். ஆறாவது வரவில்லை. பக்கத்தில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் விரலை எடுக்காமல் நின்றேன். ஒன்றும் இல்லை.

மேலே இழுத்தோம். மேல் ஐந்தும் கவிழ்ந்திருந்தன. இருநூறு மீட்டரில் கட்டிய ஆறாவதும் அதற்குக் கீழே எல்லாமும் போனபடியே வந்தன. அவிழ்த்துத் தளத்தில் வரிசையாக வைத்து, குறிப்பெல்லாம் எழுதி முடித்து, வெயிலில் ஆறாவதை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி கவிழ்ந்தது. பத்துத் தடவை தட்டினேன், பத்துத் தடவையும் கவிழ்ந்தது. அடுத்த நிலையத்தில் அதை மேலே போட்டு வேறொன்றை ஆறாவதாகக் கட்டினேன். மேலே போனது ஒழுங்காக வேலை செய்தது. கீழே போனது அடம் பிடித்தது. மாற்று முட்களைப் போட்டுப் பார்த்தேன். நிலையத்துக்கு நிலையம் இதே கதை. ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முள் இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டேன். தலைக்குத் தேய்த்துக்கொள்ளக் கொண்டுபோயிருந்த பாட்டில் முழுவதும் அதிலேயே தீர்ந்தது.

மூன்று வாரம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தில் நடப்பேன். ஆழத்துத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கப்பல் திரும்பத் தொடங்கியபோது டாக்டர் என்னிடம், முள்ளைக் கடைந்தவருக்கு இத்தனை நுணுக்கமான வேலை பழக்கமா என்று கேட்டார். குளிரில் உலோகம் சுருங்கும், அந்தக் கணக்கு அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது, இடம் விடாமல் இறுக்கமாகச் செய்துவிட்டார் என்றார். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இருக்கலாம் சார் என்றேன். மேஸ்திரி மூன்று தடவை அளப்பதை இரண்டு மாதம் கண்ணால் பார்த்தவன் நான். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரைக்கு வந்த மறுநாளே மேஸ்திரியை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். படகு எஞ்சினுக்குப் பழகிய கை இதற்கு ஆகாது என்பதைக்கூட நான்தான் என் வாயால் மொழிபெயர்த்தேன். மேஸ்திரி நின்றபடியே துணியைப் பிரித்து மைக்ரோமீட்டரை மேசைமேல் வைத்தார். "அளந்து பாக்கச் சொல்லுங்க சாமி" என்றார். டாக்டர் அளக்கவில்லை, அளவு சரியாக இருந்தால் குப்பி ஏன் கவிழவில்லை என்று கேட்டார்.  மேஸ்திரி மைக்ரோமீட்டரைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனார். பட்டறை வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னதை நான் படிக்கட்டில் ஓடிப்போய்ச் சொன்னேன். சரி சாமி என்றார்.

அதற்குப் பிறகு அவர் பழைய பட்டறைக்குப் போகவில்லை. முதலாளியிடம் சர்க்கார் வேலை கிடைக்கப்போகிறது என்று சொல்லியிருந்தார் போலிருக்கிறது. கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அதே லேத்துக்கு முன்னால் நிற்க மனம் வரவில்லை. தோப்பும்படியில் இறால் உறையவைக்கிற ஐஸ் பாக்டரியில் கம்ப்ரசர் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து நான் அங்கே போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டிலும் இருக்க முடியவில்லை, ஆபீசிலும் இருக்க முடியவில்லை.

உள்ளே போனதும் குளிர் எலும்பைத் தொட்டது. மேஸ்திரி கை நிறைய ஐஸ் வெடிப்பு. என்னைக் கண்டதும் சிரித்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேசிக்கொண்டே சுவரோரம் இருந்த ஒரு தகர டப்பாவை எடுத்து, வெள்ளையாகக் கட்டியிருந்த எதையோ விரலால் தோண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். மெழுகு மாதிரி இருந்தது. அது என்ன மருந்து என்று கேட்டேன்.

"மருந்தொண்ணும் இல்ல. தேங்காயெண்ணெய். இங்க வெச்சா கட்டியாப் போகும்."

டப்பாவை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தேன். கொச்சியில் அது உறைந்து பார்த்தவர் யார்? ஆனால் கடலில் இருநூறு மீட்டருக்குக் கீழே மார்கழிக் காலையைவிடக் குளிர். அங்கே உறைந்த எண்ணெய் முள்ளைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே வந்து வெயில் பட்டதும் உருகிவிட்டிருக்கிறது. நான் கொட்டக் கொட்ட அது இன்னும் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

உடனே எழுந்து ஆபீசுக்குப் போனேன். துடைக்காமல் கிடந்த ஒரு குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே திரும்பி வந்தேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவர் கண்ணுக்கு முன்னால் ஐஸ் கட்டும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அதைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துத் தட்டினேன். கவிழவில்லை. அவர் வாங்கி, முள்ளைக் கழற்றி, நகத்தால் சுரண்டினார். வெள்ளை. அதை முகர்ந்து பார்த்தார்.

"இது நான் விட்ட எண்ணெய் இல்லையே" என்றார்.

நான் விட்டது என்றேன். எந்த நாள், எந்த நேரம், கப்பலில் எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முள்ளைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "சாமி அங்க போயி இதைச் சொல்லணும். சொன்னா மதி, அது போதும். வேற ஒண்ணும் வேண்டா" என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பாலக்காட்டுக்காரி. மார்கழியில் எங்க ஆத்துல எண்ணெயை வெயில்ல வெச்சுத்தான் தலைக்குத் தேச்சுப்போம், இதைத் தெரிஞ்சுக்கக் கப்பல்ல போகணுமா என்றாள். சிரிக்கவேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் சோறு வேகும் நேரம்கூடப் பொறுக்காதவன், டாக்டரின் அறை வாசலில் நாலு நாள் காத்திருந்தேன். முதல் நாள் அவர் அவசரத்தில் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். என் உத்தியோகத்தை நிரந்தரமாக்கும் காகிதம் அப்போது அவர் மேசையில் இருந்தது, அதுதான் காரணம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்காமல் நடந்தேன். படகில் போனேன், வந்தேன். கைப்பையில் அந்த முள் கிடந்து குலுங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் உள்ளே போய் நின்றதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று நாற்காலி அதிரச் சிரித்தார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைச் சீசாவிலிருந்து கம்பிவிட்டு நோண்டி எடுப்போம் ஐயா, அதைக் குப்பியில் ஊற்றினீரா என்றார். என்னை உட்காரச் சொன்னார். சாயா வரவழைத்தார். ஐஸ் பாக்டரியில் முக்கிப் பார்த்தது நல்ல யோசனை, கப்பலேற்றுமுன் எல்லாக் கருவிகளையும் இனி அப்படிச் சோதிக்க வேண்டும், அதை நீரே எழுதிக் கொடும் என்றார். என் உத்தியோகக் காகிதத்தில் என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரி, சார், என்றேன். டாக்டரின் முகம் சிறிது மாறியது. பட்டறைக்கு வேறு ஆளுக்கு முந்தாநாள்தான் உத்தரவு போயிற்று, மூன்று நாள் முன்னால் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார். மேஸ்திரியின் வேலையில் தப்பில்லை என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லும், அடுத்த இடம் காலியானால் பார்க்கலாம் என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பழி மேஸ்திரிக்கு, பாவம் செய்த எனக்குச் சிரிப்பும் சாயாவும்.

அடுத்த பயணத்துக்குக் குப்பிகளைச் சோடாக்காரத்தில் வேகவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டேன். மேஸ்திரி கடைந்த அதே முட்கள்தான். ஆயிரம் மீட்டர் வரை பன்னிரண்டும் கவிழ்ந்தன. விரலில் பன்னிரண்டாவது தட்டு விழுந்தபோது கப்பலில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் கம்பியை விட்டு நகரவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, டாக்டரைப் பார்த்த அன்றே, ஐஸ் பாக்டரிக்குப் போய் மேஸ்திரியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். உங்கள் வேலையில் தப்பில்லை என்று டாக்டரே சொன்னார் என்றேன். உத்தரவு போய்விட்டதையும், அந்த நாலு நாளையும் மறைக்காமல் சொன்னேன். அடுத்த இடம் காலியானால் நானே வந்து கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமியை அவர் திட்டினாரா?"

இல்லை என்றேன். சிரித்தார், உட்காரச் சொல்லிச் சாயா கொடுத்தார் என்று உண்மையைச் சொன்னேன்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். கம்ப்ரசரின் நட்டு ஒன்றை நிதானமாக முறுக்கி முடித்தார்.

"அந்த ரூம்ல எனக்கு நாற்காலி கிடந்ததா ஞாபகமே இல்ல, சாமி" என்றார். "இனி என்னைக் கூப்பிட வேண்டா."